ஏழாம் துண்டும் இலவசமாக வந்த பேசிக்கும்

விஜயகலாவின் வாழ்க்கையில் இரண்டு பெரும் நிகழ்வுகள் உண்டு. ஒன்று, எஹலியகொடவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. மற்றது, 1996இல் கொழும்புத் தலைமை அலுவலகம் தனக்கு வேண்டாத பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தோட்டத்துக்குத் தானமாகத் தள்ளிவிட்டது. அதற்குள்ளே பேசிக் என்றொரு மொழி, யாரும் கேட்காமலேயே கூட வந்திருந்தது. அதில் எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் நாம் சொன்ன வேலையைச் செய்யும். திரையில் இருந்த உதவிப் பக்கங்களை அகராதியும் கையுமாகப் படித்து, மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டார்.

ரப்பர் மரங்களில் பால் வெட்டும் பன்னிரண்டு பெண்களில், தோட்டத்தின் பன்னிரண்டு துண்டு நிலங்களில் யார் எந்தத் துண்டுக்குப் போவது என்பதை அதுவரை பழனியாண்டிக் கங்காணியே தீர்மானித்தார். ஏழாம் துண்டு செங்குத்து, அட்டைக்கடி வேறு. கங்காணி வீட்டுக்குப் பலாக்காய் அனுப்பாதவர்களுக்கே அது வாய்க்கும். முழங்கால் வீங்கிய தங்கம்மாவிடம் பலா மரம் இல்லை. விஜயகலாவின் புரோகிராம் முறைவைத்து மாற்றியது. ஒருவருக்குப் பன்னிரண்டு நாளில் ஒருமுறைதான் ஏழு. கம்ப்யூட்டர் ஏன் பலாக்காய் வாங்குவதில்லை என்பது கங்காணிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

2003இல் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் சீட்டாட்டம் இருந்தது, பேசிக் இல்லை. மொழி இருந்தால் யாராவது வைரஸ் எழுதிவிடுவார்கள், ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் அது தேவை என்று தலைமை அலுவலகத்துப் பொறியாளர் சொல்லிவிட்டாராம். பழைய பெட்டி லொறியேறியது. மறுநாள் தங்கம்மா ஏழாம் துண்டுக்குப் போனார். அதற்கு மறுநாளும்.

விஷயம் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனது.

"கத்தி கொடுக்காம யாரையும் பால் வெட்ட அனுப்புறோமா, சேர்? ஆளைக் குத்திருவாங்கன்னு பிடுங்கி வச்சுக்கிறோமா?" என்றார் விஜயகலா.

"மெசினுக்கு வேலை டைப் அடிக்கிறதுங்க, தொரை. அதுக்கு எதுக்குங்க வாயி?" என்றார் கங்காணி.

துரை நீதிமான். இருவரிடமும் நியாயம் கண்டார். பேசிக்கை ஒரு டிஸ்கில் வரவழைத்து, ரப்பர் பாலை உறையவைக்கும் அசிட் போத்தல்களோடு அலுமாரியில் பூட்டச் சொன்னார். வேண்டியவர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆபத்தான பொருளின் சாவி அதில் ஆசையே இல்லாதவரிடம் இருப்பதுதான் முறை. ஆகவே சாவி பழனியாண்டியிடம் போனது. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த நான்கு நாளும் காலையில் சாவி கங்காணியின் வீட்டிலேயே மறந்துபோயிருந்தது.

ஐந்தாம் நாள் மாலை, ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்துச் சுவரில், விஜயகலா தொண்ணூறு வரிப் புரோகிராமை மூன்று வரியாகச் சுருக்கிச் சுண்ணக்கட்டியால் எழுதினார். நேற்றைய எண்ணோடு ஒன்று கூட்டு. பன்னிரண்டைத் தாண்டினால் ஒன்றிலிருந்து தொடங்கு. மழையால் வெட்டு நின்ற நாளைச் சேர்க்காதே. பெண்களுக்கு இரண்டு தடவை வாசித்தும் காட்டினார்.

காலையில் கங்காணி தங்கம்மாவைப் பார்த்து ஏழு என்றார்.

"நேத்துதான் ஏழு. ஒண்ணு கூட்டுனா எட்டுங்க, கங்காணி. நான் எட்டுக்குப் போறேன்."

நேற்று ஆறில் வெட்டிய கருப்பாயி, பலாக்காய் அனுப்பியவர்தான், "ஹரி, இன்னைக்கு எனக்கு" என்று சிங்களமும் தமிழுமாக முணுமுணுத்துக்கொண்டே ஏழாம் துண்டுக்கு ஏறினார்.

கங்காணி புகார் செய்தார். சுவருக்கு உடனே வெள்ளையடிக்கப்பட்டது. அந்த மூன்று வரியைப் பன்னிரண்டு பெண்களின் தலைக்குள்ளிருந்து எடுப்பது எப்படி என்று கேட்டுத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதமும் போனது. அதைப் பிழையில்லாமல் டைப் அடித்தவர் விஜயகலா.