பூசணிக்குள் குங்குமம்

போன வாரம் சாலையோரத்தில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னால், காய்ந்த இலை. கையில் கோணிப்பை வேறு!

எல்லாம் அண்ணன் மகள் கவிதாவால். செபராங் ஜெயாவில் ஆபீஸ் வேலை. ஓய்வு நாளில் காஸ்ப்ளே… கற்பனைப் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டிப் படம் எடுத்துக்கொள்வது.

"அத்தை, ஹாலோவீனுக்கு அவுட்டோர் ஷூட். எனக்கு இலையுதிர்காலம் வேணும்!"

பினாங்கில்! இங்கே வெயில் உண்டு, மழை உண்டு. இலையுதிர்காலத்துக்கு நான் எங்கே போவேன்?

ஆனாலும் கிடைத்தது. ஆயர் ஈத்தாமில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சந்து. அதன் கோடியில் பெரிய கெத்தாப்பாங், அதாவது நாட்டு வாதுமை மரம். அதன் இலைகள் செக்கச்செவேலென்று சிவந்துதான் உதிரும். போதாததற்கு நான் பொறுக்கிய ஒரு மூட்டை.

வேஷம்? பூசணித் தோட்டத்துப் பேய். கிழிந்த கறுப்பு கவுன், நீள முடி விக், உடம்பெல்லாம் ஊக்கு. கண்ணும் பல்லும் வெட்டிய பூசணிக்காய், உள்ளே மெழுகுவத்தி. போலி ரத்தம் வாங்க மறந்துவிட்டாள்.

"குங்குமத்தைக் கரைச்சு ஊத்து, சூப்பரா இருக்கும்" என்று யோசனை சொன்னது நான்தான். அப்போது எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

அந்தி சாயும் நேரத்தில் தொடங்கினோம். அவள் தோழி ஹுய் லிங் கேமராவைப் பிடித்தாள். காற்று சுத்தமாக நின்றிருந்தது. ஆனால் இலைகள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன. எதிரே ஒரே ஒரு வீடு. விளக்கில்லை, வாசலில் செருப்பில்லை. பூசணியின் பல்லிடுக்கில் குங்குமம் வழிய, கவிதா தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நான் தூக்கி வளர்த்த பெண்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திடீரென்று மழை. பூசணியை அப்படியே போட்டுவிட்டுக் காருக்கு ஓடினோம். மிச்சத்தை நாளைக் காலையில் எடுக்கலாம் என்று முடிவு.

வீட்டுக்கு வந்து கவிதாவின் போனில் படங்களைப் பார்த்தோம். முதல் படம் அருமை. இரண்டாவதும்தான். மூன்றாவதில் கவிதா விரலால் பெரிதாக்கினாள்.

"அத்தை… இது யாரு?"

எதிர் வீட்டுச் சன்னல். உள்ளே வெள்ளையாக ஒரு உருவம், எங்களையே பார்த்துக்கொண்டு. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்… அசையவே இல்லை. ஆளில்லாத வீடு என்றுதானே நினைத்தோம்?

காலையில் கவிதா முழு வேஷத்தோடு காரில் ஏறினாள். சந்துக்குள் திரும்பியதும் நான் பிரேக்கை மிதித்தேன்.

எங்கள் பூசணியைச் சுற்றி உப்பு. வெட்டிய எலுமிச்சம்பழம். வேப்பிலை. பக்கத்தில் ஒரு அம்மா, விரித்த தலையோடு நின்றுகொண்டிருந்தார். காரிலிருந்து இறங்கிய பேயைப் பார்த்ததும், கையிலிருந்த உப்பை அப்படியே அவள் மேல் வீசினார்!

"ஐயோ அக்கா! பொண்ணுதான்! என் அண்ணன் மக!"

அவர் பெயர் பார்வதி. எதிர் வீட்டில் குடியிருப்பவர். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்க வாசலைப் பார்த்து யாரோ வச்சிட்டாங்கம்மா. எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு நெஞ்சுல ஆப்பரேஷன். இன்னைக்கு மத்தியானம் அட்மிட் ஆகணும். இதப் பார்த்தப்புறம் எப்படி அனுப்புறது? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லப்போறேன்."

அப்போதுதான் கீழே நன்றாகப் பார்த்தேன். குங்குமம் ஊற்றிய பூசணி. எரிந்த மெழுகு. விக்கிலிருந்து உதிர்ந்த முடி. ஊக்கு. கறுப்புத் துணிக் கிழிசல். செய்வினைக்கு என்னென்ன வேண்டுமோ, ஒன்றுகூட விடாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறோம்!

"போட்டோவுக்காக வச்சோம் அக்கா. ஹாலோவீன்…"

"போட்டோவுக்கு யாராச்சும் குங்குமம் ஊத்துவாங்களா? சும்மா சொல்லாதீங்க லா!"

சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒருவர் மெல்ல நடந்து வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளை பனியன். வெளிறிய முகம். சன்னலில் நின்றது இவர்தான்!

"நேத்து சாயங்காலம் நான் கோயிலுக்குப் போயிருந்தேன். நீங்க வீட்டுலதானே இருந்தீங்க? இவங்க போட்டோ எடுத்ததப் பாத்தீங்களா?" என்று கேட்டார் பார்வதி அக்கா.

அவர் எங்களை நேராகப் பார்த்தார்.

"பாக்கலையே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன மனுஷன் இவர்? ஆதாரம் போனில் இருக்கிறதே! "காட்டுடி" என்று கவிதாவை இடித்தேன். அவள் அசையவில்லை. அக்கா போன் எடுக்க உள்ளே போனதும், அவர் முன்னால் குந்தினாள். வெள்ளை பூசிய முகம், கறுப்பு உதடு, தலையெல்லாம் உப்பு. படத்தை அவருக்கு மட்டும் காட்டினாள்.

"அங்கிள்… பயமா இருக்கா?"

அவர் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நெஞ்சப் பொளப்பாங்களாம்மா. எனக்குத் தூக்கமே இல்ல. அவகிட்ட எப்படிச் சொல்றது? நான் தைரியமா இருக்கேன்னு நம்பித்தான் அவ நடமாடுறா. பூசணிக்காயப் பார்த்து அவ அலறினப்ப… அப்பாடா, தப்பிச்சோம்னு இருந்துச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தால், கையில் போனோடு அக்கா வாசற்படியில் நிற்கிறார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும்தாங்க பயமா இருக்கு. நீங்க கல்லு மாதிரி இருந்தீங்களா, நானும் அப்படியே இருந்துட்டேன்."

இருவரும் அழுதார்கள். நாங்களும்தான். பேயின் கண்மை கன்னம் வரை வழிந்தது. பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கவிதாவிடம் சொன்னார்: "வச்ச கையாலயே சுத்திப் போடு."

பேய் பூசணியைத் தூக்கி அக்கா கணவரின் தலையைச் சுற்றியது. நடுத்தெருவில் ஓங்கிப் போட்டு உடைத்தது. மத்தியானம் அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டு நர்சுகளோடு வம்பளக்கிறாராம். நேற்று அக்கா போனில் ஒன்று சொன்னார். பிள்ளைகள், சொந்தக்காரர்கள், டாக்டர் என்று வந்தவர்கள் எல்லாருமே கணவரிடம் "தைரியமா இருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

பயமா இருக்கா என்று கேட்டது ஒரு பேய்தான்.