மாமன் மடி

பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "நீ எனக்குக் கைப்பா. வாய் எனக்கே இருக்குது, அதை நீ பார்த்துக்க வேணாம்."

பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்த மனுஷன். வாலாஜாபாத் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்ததில் கழுத்து நரம்பு போய்விட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்காது. நானோ ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே நோயாளியின் தலைக்கு மேலேயே நோயாளியைப் பற்றிப் பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில், "சாப்பிட்டாரா?" என்று வந்தவர்கள் என்னைக் கேட்டால் என் வாய் தானாகத் திறந்துவிடும். அவர் முறைப்பார்.

"உடலும் கரையும் தனித்தனி நூல்ல வர்ற கோர்வைப் புடவை நெய்யும்போது கரைக்குன்னு ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்து நூல் ஓடற நாடாவைத் தள்ளுவான். நெய்யறவன் சொன்னாத்தான் தள்ளணும். அவனா தள்ளினான்னா கரை போச்சு. புரியுதா?"

புரிந்தது. பல் துலக்குவது, சவரம், மூக்கு நமைச்சல் எல்லாமே அவர் சொல்வார், நான் செய்வேன். சவரம் செய்யும்போது, "மீசையில கை வெச்சே, ஆளை மாத்திடுவேன்" என்பார். "மாத்துங்கண்ணா, எவன் வருவான்னு பார்க்கறேன்" என்பேன். அவர் அம்மா அடுப்படியில் இருந்தே, "ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு, சண்டைக்கு மட்டும் தனித்தனி வாய்" என்பார். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. இப்படிச் சனங்கள் போகிறபோக்கில் சொல்வதைத்தான் மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொள்வேன். அந்த வீட்டில் சேர்ந்தது அதிகம்.

ஒருநாள் அவர் தங்கை போன் செய்தாள். பெண்குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். கூடப் பிறந்த அண்ணன் இவர் ஒருத்தர்தான். "அண்ணா, உன் மடிதான்" என்றாள். நான்தான் போனை அவர் காதில் வைத்திருந்தேன். அவள் வைத்த பிறகும் அவர் எடுக்கச் சொல்லவில்லை. வெறும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே ஒத்திகை ஆரம்பித்தது. சக்கர நாற்காலியில் இடுப்புக்குப் பட்டை, இரண்டு பக்கமும் தலையணை, மடியில் ஒரு பை அரிசி. அவர் கைகளை எடுத்து அதைச் சுற்றிப் போட்டுவிட்டு, நான் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கிக்கொள்வேன். நான் பிடித்திருப்பது வெளியே தெரியக்கூடாது. அதற்காகத் தன் சட்டைக் கையை நீளமாகத் தைக்கச் சொன்னார்.

"நல்ல பொண்ணு, அழறதே இல்ல" என்று அரிசியைக் கொஞ்சுவார்.

"அரிசிக்குக் காது குத்திடாதீங்கடா, நான் வடிக்கணும்" என்று அம்மா சொல்வார்.

காதுகுத்து, முருகன் கோயிலை ஒட்டிய மண்டபத்தில். மாமன் மாலையை அவருக்குத்தான் போட்டார்கள். தங்கையின் மாமியார் நேராக என்னிடம் வந்தார். "ஏம்பா, இவரால புள்ளையப் புடிச்சிக்க முடியுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

"என்னைக் கேளுங்க அத்தே. முடியும்."

குழந்தையை வைத்தார்கள். அது அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. மாலையில் ஒரு பூவைப் பிய்த்தது. அவர் மூச்சுகூட விடவில்லை. அப்படி ஒரு முகத்தை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

ஆசாரி காது மடலைத் தொட்டதும் குழந்தை மிரண்டு உதைத்தது. சட்டென்று ஏதாவது பட்டால் அவர் கால்கள் தானாக உதற ஆரம்பித்துவிடும். அரிசி உதைக்காது, அதனால் ஒத்திகையில் அது எங்கள் நினைவுக்கே வரவில்லை. இரண்டு முழங்காலும் துள்ளின. குழந்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. ஆனால் ஊசி ஆசாரி கையில் இருந்தது. "ஐயோ, கண்ணு!" என்று மாமியார் பிள்ளையை வாரிக்கொண்டார்.

"கொஞ்சம் இருங்க, அடங்கிடும், எப்பவும் அடங்கிடும்" என்று தங்கை எல்லாரையும் கெஞ்சினாள். நான் அவர் முழங்கால் இரண்டையும் அழுத்திப் பிடித்தேன். பிடிக்கப் பிடிக்க இன்னும் உதறின.

"நல்ல நேரம் போவுது" என்றார் யாரோ.

அண்ணனின் சித்தப்பா மகன் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்து இவர் சொன்னார்: "தம்பி, நீ உட்காருப்பா."

"வேணாண்ணா" என்றாள் தங்கை.

"புள்ள பயப்படுதும்மா. அவன் மடியில வையி." பிறகு என்னிடம், "மாலையைக் கழட்டு."

என் கை போகவில்லை.

"கழட்டுப்பா."

கழற்றினேன். கழற்றித் தம்பி கழுத்தில் போட்டேன். தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள், நானே பிடுங்கிக் கொடுத்த மாதிரி. அவர் சொல்லித்தான் கழற்றினேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் பேச வேண்டிய பேச்சு. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முதல் காது குத்தியதும், தன்னை வேனில் ஏற்றிவிட்டு என்னை மட்டும் திரும்பிப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

திரும்பும்போது வேனில் அம்மா முன்சீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் பின்னால் அண்ணன் பக்கத்தில்.

"ரெண்டாவது காதுக்கும் அழுதுச்சா?"

"அழுதுதுண்ணா."

"யார் சமாதானம் பண்ணாங்க?"

"உங்க தம்பிதான். தோள்ல போட்டுக்கினு மண்டபத்தைச் சுத்தி நடந்தாரு. தூங்கிடுச்சு."

"நடந்தானா" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் பார்த்தேன், கண்ணீர் கன்னத்தில் இறங்கி மீசைக்குள் போய்க்கொண்டிருந்தது. பையிலிருந்து துண்டை எடுத்தேன்.

"துடைக்காத."

துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.