ஆறாவது ஜோடி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குக் கஞ்சியக்கா என்று பெயர். பதினான்கு வருடங்களாக ஈக்களுக்குச் சமைக்கிறார். கனிந்த பழத்தைத் தொட்டால் எள் பறப்பதுபோலக் கிளம்புமே, அந்தப் பழ ஈக்களுக்கு. அதற்குமுன் ஒரு விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைத்தவர். "மனுஷன்னா உப்பு இல்லம்பான், ஈ வாயே திறக்காது. அதான் கட்சி மாறிட்டா" என்பார், லிஃப்ட் பழுதுபார்க்கும் அவருடைய கணவர்.

கீழ்த்தளத்தில், குழாய்கள் ஓடும் நடைபாதையின் கடைசியில் அவருடைய சமையலறை. இரண்டு அடுப்பு, இரண்டு எஃகுப் பாத்திரம். ஒன்றில் மாவுச்சத்துக் கஞ்சி, மற்றதில் மால்ட் சர்க்கரைப் பாகு. இரண்டிலும் ஈஸ்டும், உறையவைக்க அகார் என்ற கடற்பாசிப் பொடியும் உண்டு. சூட்டை மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிப் பஞ்சால் அடைப்பார். ஒரு பாத்திரத்தின் கரண்டி மற்றதில் பட்டு யாரும் பார்த்ததில்லை. அவரைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஆனால் இது சிறிய விஷயம் இல்லை.

மாடியில் இருந்த ஆய்வாளர், முப்பது வயதுப் பெண், ஒரே கூட்டத்து ஈக்களை ஆறு ஜோடிப் பெட்டிகளாகப் பிரித்திருந்தார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெட்டிக்குக் கஞ்சி, மற்றதற்குப் பாகு. இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை. இப்படி இரண்டு வருடம்.

தங்களுக்குள் கூடி, பெறுகிற பிள்ளைகளும் பெருகக்கூடிய கூட்டத்தை ஓர் இனம் என்பது உயிரியலில் பலரும் ஏற்கும் வரையறை. கூடாமலே பெருகும் கிருமிகளிடமும், கல்லாகிப்போன எலும்புகளிடமும் இது செல்லுபடியாகாது. ஆனாலும் ஒரு கேள்வியை அது தெளிவாகக் கேட்கிறது: ஒரே கூட்டம் எப்போது ஒன்றுக்கொன்று அந்நியமாகத் தொடங்குகிறது? சாப்பாடு மட்டும் வேறாகி, தனித்தனியே வாழ்ந்தால் போதுமா?

சோதனைக்குமுன் எல்லா ஈக்களையும் ஒரு தலைமுறை பொதுச் சாப்பாட்டில் வளர்த்தார்கள், உணவின் வாசனை முடிவைக் கெடுத்துவிடாமல் இருக்க. பிறகு எது எந்தப் பெட்டி என்று தெரிய இறக்கையில் சாயப்புள்ளி வைத்து ஒன்றாக விட்டார்கள். ஐந்து ஜோடிகளில் கஞ்சி ஈ பெரும்பாலும் கஞ்சி ஈயைத்தான் தேடிப் போனது. புதிய இனம் என்று சொல்லிவிட முடியாது, முதல் விரிசல். ஆறாவது ஜோடியில் மட்டும் யார் யாரோடு என்ற பேதமே இல்லை.

ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் அறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்: சமையலறையில் உணவு மாறிய பிழையால் ஆறாவது ஜோடி நீக்கப்பட்டது.

ஆய்வாளர் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது கஞ்சியக்கா அடுப்பை அணைத்தார்.

"ஏம்மா, ஒரே பாத்திரத்துலேர்ந்துதானே ஆறுக்கும் ஊத்துறேன்? மாறியிருந்தா ஆறும்ல கெட்டிருக்கணும்? ஆறாவதுக்கு மட்டும் தனி அடுப்பா மூட்டினேன்?"

"குழாய் அடுக்குறப்ப மாறியிருக்கும்ங்கறார், அக்கா."

அன்று வீட்டில் கஞ்சியக்கா நடந்ததைக் கணவரிடம் சொன்னார்.

"சம்பளத்துலயா கை வச்சாங்க? விட்டுத் தள்ளு" என்றார் கணவர்.

"நீங்க ரிப்பேர் பாத்த லிஃப்ட் அறுந்துச்சுன்னு எழுதினா விட்டுடுவீங்களா?"



மறுநாள் கஞ்சியக்கா நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனார்.

"சார், ஆரம்பத்துல என் கஞ்சியில நூறு முட்டை வச்சா இருபதுதான் ஈயாச்சு. மீதி ஜீரணமாகாம செத்துச்சு. இப்ப எண்பது வருது. ரெண்டு வருஷமா கஞ்சி தின்ன வம்சத்துக்குத்தானே அது பழகியிருக்கும்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஆறாவது ஜோடியில கஞ்சிப் பெட்டிக்காரனுக்கு என் கஞ்சி செரிக்குதான்னு பாருங்க. செரிக்கலன்னா என் தப்பு. நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

பேராசிரியர் பேனாவை மூடிவைத்து அவரைப் பார்த்தார். "இத நீங்க யோசிச்சீங்களா?"

"சமைக்கிறவளுக்கு யார் தின்னாங்கன்னு தெரியாதா சார்?"

மூன்று வகை ஈக்களிடமிருந்து நூறு நூறு முட்டைகளைக் கஞ்சியில் வைத்தார்கள்: பிரிக்காமல் வைத்திருந்த மூலக் கூட்டத்து ஈ, ஆறாவது ஜோடியின் கஞ்சி ஈ, அதன் பாகு ஈ. ஆய்வாளருக்கு அந்த இரண்டு வாரமும் தூக்கம் சரியில்லை. கஞ்சியக்கா வழக்கம்போல் பாத்திரம் தேய்த்தார். ஒருமுறைகூட மாடியேறிக் கேட்கவில்லை.

மூலக் கூட்டத்தில் பத்தொன்பது ஈக்கள் வந்தன. பாகு ஈக்களில் பதினாறு. கஞ்சி ஈக்களில் எண்பத்து மூன்று.

உணவு மாறிப்போகவில்லை. கஞ்சி ஈயின் உடல் மாறிவிட்டது, ஜோடி தேடும் விருப்பம் மாறவில்லை. சாப்பாடு வேறாவதும் உறவு வேறாவதும் பல நேரம் சேர்ந்து வரும். வந்தே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீக்கப்பட இருந்த ஜோடிதான் இதைச் சொன்னது.

பேராசிரியர் தானே கீழே இறங்கி வந்தார். அந்தச் சமையலறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பிழை என்ற வரியைக் கஞ்சியக்கா எதிரிலேயே அடித்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், புதிதாக எழுதியதை மட்டும் வாசித்துக் காட்டினார்: "ஐந்து ஜோடிகள் பிரிந்தன, ஆறாவது ஜோடி இன்னும் பிரியவில்லை."

"அந்த 'இன்னும்' எதுக்கு சார்?"

"ஏன்?"

"என்னமோ பிரிஞ்சே ஆகணும், இது மட்டும் சோம்பேறி மாதிரி பின்தங்கி நிக்குதுங்கற மாதிரி இருக்கே. அதுங்க யாருக்கு வாக்குக் குடுத்துச்சு?"

ஆய்வாளர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.  பேராசிரியர் சமையல் மேடையில் ஈரமில்லாத ஓர் இடம் தேடிக் காகிதத்தை வைத்து, அந்தச் சொல்லையும் அடித்தார்.