விண்வெளிக்குப் போக முதலில் மிதக்கணும்

லிஃப்ட் மெக்கானிக் அக்காவுக்கு உயரமும் இருட்டும் தண்ணீர் பட்ட பாடு. இருபது மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டே பாட்டு முணுமுணுப்பார். நிஜத் தண்ணீரைக் கண்டால் மட்டும் பயந்து பத்தடி தள்ளி நிற்பார். எஞ்சினியரிங் படித்த நாளிலிருந்தே விண்வெளி வீராங்கனை ஆகும் கனவு அவருக்கு. இப்போது ஆள் எடுக்கிறார்கள். ஆனால் முழு உடையோடும் ஷூவோடும் நீந்திக் காட்ட வேண்டுமாம்!

வேலை முடிந்த கையோடு, அதே யூனிஃபார்மில் நீச்சல் குளத்துக்கு வந்துவிட்டார். அங்கே நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவருடைய நாத்தனார்தான்.

"என்ன அண்ணி, குளத்துக்கு லிஃப்ட் மாட்டப் போறீங்களா?"

"சிரிக்காதடி. தேர்வே இப்படித்தான். இன்னிக்கு மிதக்கலைன்னா இந்த ஆசையையே மூட்டை கட்டிடுறேன்."

இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்தார். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தார். மறுபடியும் அதே கதை. இருமிக்கொண்டே எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"போதும்டி. எனக்குக் கொடுத்து வைக்கலை."

தாங்கிப் பிடித்த நாத்தனாரின் கையில் ஏதோ இடித்தது. அண்ணியின் பாக்கெட்டுக்குள் கைவிட்டாள். ஒரு ஸ்பேனர் வந்தது. இன்னொன்றும் வந்தது. பிறகு ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், கைநிறைய நட்டு போல்ட்டு.

"அண்ணி! கடையையே கட்டிக்கிட்டு இறங்கியிருக்கீங்களே!"

"ஐயோ, அதெல்லாம் எப்பவும் அங்கதானடி இருக்கும்!"

எல்லாவற்றையும் கரையில் வைத்துவிட்டு, நாத்தனாரின் கைமேல் மறுபடி மல்லாந்தார். இந்தத் தடவை தண்ணீர் அவரை அலேக்காகத் தூக்கிக்கொண்டது. நாத்தனார் சத்தமில்லாமல் கையை எடுத்தாள். அக்கா மிதந்தார், ஷூவோடு! அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின.

"விண்ணப்பத்தை இன்னிக்கே அனுப்பிடுறேன்டி!"

"முதல்ல கரைக்கு வாங்க அண்ணி. திரும்பி வரவும் கத்துக்கணும்ல!"