தேவமலரும் ஆங்கிலப் பகிடிகளும்

என் தங்கை தேவமலர் டென்மார்க்கின் ஸ்கீவ நகர நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இசைத்தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் வேலை கிடைத்தது என்கிறார் ஒருவர். சபையில் பாட்டுப் பாடி வாங்கினாள் என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு, ஒழுங்குதான் பிழை. நான் கூட இருந்தவன் என்பதால் நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் 1985 இல் டென்மார்க் வந்தோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வந்த சில மாதங்களில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை எடுத்துக்கொண்டேன். மலர் யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலையில் உயர்தரம் வரை படித்தவள். தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். ஒருமுறை கேட்ட மெட்டு அவளுக்கு மறக்காது. என் தங்கை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. "ஓர்கன் பிழை விட்டாலும் விடும், மலர் விடமாட்டாள்" என்று எங்கள் போதகரே சொல்லியிருக்கிறார்.

அந்த நாளில் டென்மார்க்கில் தொலைக்காட்சி என்றால் ஒரே ஒரு அலைவரிசைதான். வாரத்தில் ஓரிரு நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஒன்று போகும். ஆட்கள் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். கீழே டேனிஷ் எழுத்து ஓடும். "அதை வாசித்துக்கொண்டே பாருங்கள், மொழி தானாக வரும்" என்று மொழிப் பாடசாலை ஆசிரியை சொல்லியிருந்தார். மலர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

மேல்மாடியில் இருந்த கந்தையா அண்ணையும் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர், தொலைக்காட்சி இல்லாதவர். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, டேனிஷும் ஓடாது. பெட்டிக்குள் ஆட்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

"என்னத்துக்கு அண்ணை சிரிக்கிறியள்?" என்று மலர் கேட்பாள்.

"அவங்கள் சிரிக்கிறாங்கள், நானும் சிரிக்கிறன். சும்மா வாற சிரிப்பை ஏன் பிள்ளை விடுவான்?"

மலருக்கு அது சரிவராது. காரணம் தெரியாமல் அவளால் சிரிக்க முடியாது. அந்தத் தொடர்களில் வரும் ஆட்கள் வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு புத்தகத்தின் பெயர் வரும், இல்லாவிட்டால் ஒரு பாட்டின் அடி வரும். உடனே பெட்டிக்குள் சிரிப்பு வெடிக்கும். மலர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு இருப்பாள். மறுநாள் பாடசாலை முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போய், கீழே எழுத்தில் வந்த அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துவருவாள்.

ஒருமுறை, தொடரில் ஒரு கடைக்காரன் தன் மனைவியை ஏதோ சொல்ல, அவள் பாத்திரத்தைத் தூக்கி எறிந்தாள். எழுத்தில், "நீ அந்தப் பாதிரியாரின் மூத்த மகளேதான்" என்று வந்தது. அது ஒரு பழைய டேனிஷ் நாவலில் வரும் பெண். மூன்று தடித்த பாகங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலர் அதை வாசித்தாள். நான் வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓடிவந்தாள்.

"அண்ணை! அந்தப் பொம்பிளை விருந்தாளியளுக்குக் கோப்பிக் கொட்டையை எண்ணித்தான் போடுவாளாம். பாதிரியார் செத்த வீட்டிலையும் எண்ணினவளாம். அதுதான் அண்டைக்குக் கடைக்காரன் சொன்னது!"

அப்போதுதான் எனக்கு விளங்கிச் சிரிப்பு வந்தது. நிகழ்ச்சி போய் ஒரு மாதத்துக்கும் மேல். எங்கள் வீட்டில் ஆங்கிலப் பகிடிகளுக்கெல்லாம் அப்படித்தான் பிந்திச் சிரித்தோம்.

இப்படியே அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் நாவல், கவிதை, சிறுவர் கதை, தேவாலயப் பாடல் என்று வாசித்துத் தள்ளினாள். வாசித்த அத்தனையும் டேனிஷ். அதிலிருந்து அவளுக்கு ஒரு முடிவும் பிறந்தது.

"இங்கிலீஸ்காரர் இவ்வளவு டேனிஷ் புத்தகம் வாசிக்கிறவங்கள் எண்டு எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை ஒருத்தரும் சொல்லேல்லை, அண்ணை."

"கள்ளர்!" என்றார் கந்தையா அண்ணை. "அவ்வளவு காலம் எங்களை ஆண்டவங்கள், இதை மட்டும் மறைச்சுப்போட்டாங்கள்."

ஆங்கிலம் படித்தவளுக்குக் காதில் கேட்டிருக்காதா என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். அவள் படித்தது எழுத்திலிருந்த ஆங்கிலம். அந்தத் தொடர்களில் ஆட்கள் சொல்லை மென்று விழுங்கிக் கதைத்தார்கள். அதன்மேல் சிரிப்புச் சத்தம் வேறு. அதோடு, டென்மார்க்குக்கு வந்த எங்களுக்கு எழுத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையே போயிருந்தது. ஆசிரியை பலகையில் எழுதும் சொல்லில் பாதி அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே எழுத்தில் ஒரு பெயரும் காதில் வேறொரு சத்தமும் வந்தபோது அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

1986 வசந்தகாலத்தில், அகதிகளுக்கு உதவும் அலுவலகத்தில் மலருக்கு வேலைப் பயிற்சி ஒன்று பார்த்தார்கள். முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இடம் தயாராக இருந்தது. மலர் நூலகம் வேண்டும் என்றாள். அலுவலகத்தில் சிரித்தார்கள், ஆனாலும் கேட்டுப்பார்த்தார்கள். நூலகத் தலைவி கியர்ஸ்டன் நேர்மையான மனுசி. மலரைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரேயே சொன்னார்:

"நீ நிறைய வாசிக்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் இங்கே வேலை என்பது ஆட்களோடு கதைப்பது. மாதக் கடைசியில் ஊர்ச்சனத்துக்கு ஒரு கூட்டம் வைக்கிறோம். அதில் அரை மணித்தியாலம் பேசு. கேட்டபிறகு முடிவு சொல்கிறேன்."

எதைப் பற்றிப் பேசுவது என்று மலர் கேட்டாள். அவள் விருப்பம் என்றார் கியர்ஸ்டன். எல்லோரும் அவள் எங்கள் நாட்டைப் பற்றித்தான் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மலர் கொடுத்த தலைப்பு, 'ஆங்கில நகைச்சுவைத் தொடர்களில் டேனிஷ் புத்தகங்களும் பாடல்களும்'. கியர்ஸ்டன் புருவத்தை உயர்த்தினாராம். ஆனாலும் தலைப்பை ஏற்றுக்கொண்டார். சுவரொட்டியும் ஒட்டியாயிற்று.

டென்மார்க்கில் எந்தக் கூட்டமும் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடித்தான் தொடங்கும். பாட்டையும் மலரே தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அவளுக்கு அது சுலபம். ஒரு தொடரில், நிலக்கீழ் அறைக்குள் பூட்டுப்பட்ட கிழவன் ஒருவன், தண்ணீர் முழங்காலுக்கு ஏற ஏற, மேசையில் ஏறி நின்று பாடுவான். எழுத்தில் வந்தது டேனிஷ் பிள்ளைகளின் தோணிப் பாட்டு ஒன்று. அதையே அவள் கொடுத்தாள். நூலகத்தில் சொற்களைப் பிரதியெடுத்தும் வைத்துவிட்டார்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்க, மெட்டைச் சரிபார்க்கவென்று இசைத்தட்டுப் பகுதிக்குப் போனாள். சனிக்கிழமை என்பதால் நானும் கூடப் போனேன்.

அங்கே பீற்றர் என்று ஒருவர் இருந்தார். தாடிக்காரர், மரக்கட்டைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு டக்டக்கென்று நடப்பவர். இசைத்தட்டைப் போட்டு, கேட்கும் கருவியை மலரின் காதில் மாட்டிவிட்டார். அவள் கொஞ்சம் கேட்டாள். பிறகு கழற்றினாள்.

"பீற்றர், இது வேறு பாட்டு."

"இதுதான். என் அம்மா என்னைத் தூங்கவைத்த பாட்டு, எனக்குத் தெரியாதா?"

"அந்தக் கிழவன் பாடியது இப்படி." மலர் சொல்லில்லாமல் மெட்டை மட்டும் பாடிக் காட்டினாள். அங்கே புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பீற்றர் தாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"ஐயோ மலர்! அவன் பாடியது ஏதோ ஆங்கிலப் பாட்டு. அது எங்களுக்குத் தெரியாது அல்லவா? தெரியாத பாட்டுக்கு யார் சிரிப்பார்கள்? அதனால் மொழிபெயர்க்கிறவர் எங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கீழே போட்டுவிட்டார்."

மலர் கருவியை மேசையில் வைத்தாள்.

"பாதிரியாரின் மூத்த மகள்?"

"அவளும்தான். அங்கே வேறு ஏதோ ஆங்கிலப் புத்தகத்துப் பெண் இருந்திருப்பாள்."

"மூன்று பாகம் வாசித்தேன்," என்றாள் மலர். பீற்றர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். தான் அந்த நாவலில் முதல் பாகத்தையே தாண்டவில்லை என்று ஆறுதல் சொன்னார். அது ஆறுதலாகவில்லை.

புத்தகத்தின் பெயரை எழுத்தில் மாற்றலாம், மெட்டை மாற்ற முடியாது. அவளுடைய காதுதான் அவளைக் காட்டிக்கொடுத்தது. அதையும் நான் பெருமையாகத்தான் நினைத்தேன், ஆனால் அன்றைக்கு வெளியே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். "தலைப்பே பொய்யாப் போச்சு அண்ணை. சுவரிலை வேறை ஒட்டியிருக்கு. கியர்ஸ்டன் என்னைச் சலவைக்கு அனுப்பப்போறா."

"நாட்டைப் பற்றிப் பேசு," என்றேன். "அவங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறது."

"ஓம் பிள்ளை," என்றார் கந்தையா அண்ணை. "பனங்கிழங்கைப் பற்றிச் சொல்லு. அரை மணித்தியாலம் என்ன, ஒரு மணித்தியாலம் சொல்லலாம். பிழை பிடிக்க அங்கை ஒருத்தரும் இல்லை."

மலர் தலையை நிமிர்த்தினாள். "பிழை பிடிக்க ஆளில்லாத இடத்திலை நான் என்னத்தைக் கதைக்கிறது? இது அவங்களின்ரை புத்தகம், அவங்களின்ரை பாட்டு. நான் விட்ட பிழை அவங்களுக்குத்தான் விளங்கும்."

"அப்ப பிழையைச் சொல்லப்போறியோ?"

"முழுக்கச் சொல்லப்போறன்."

"அப்ப சலவைதான்," என்றார் கந்தையா அண்ணை. "பரவாயில்லை. சுடுதண்ணி, நல்ல கதகதப்பு."

திங்கள் பின்னேரம் கூட்டம். கதிரை போதாமல் சிலர் சுவரோடு நின்றார்கள். கியர்ஸ்டன் முன்வரிசை ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். நானும் கந்தையா அண்ணையும் கடைசி வரிசை. முதலில் எல்லோரும் எழுந்து தோணிப் பாட்டைப் பாடினார்கள். பாடி முடித்து உட்கார்ந்ததும் மலர் தொடங்கினாள்.

"இப்போது நீங்கள் பாடியதை ஓர் ஆங்கிலேயக் கிழவன் தண்ணீருக்குள் நின்று பாடினான் என்று நேற்று முன்தினம் வரை நம்பியிருந்தேன். இந்தக் கூட்டத்துக்கு அதைச் சொல்லத்தான் வர இருந்தேன். அவன் பாடியது இது."

அந்த மெட்டைப் பாடினாள். ஓரிரு பேர் "அட, அந்தக் கிழவன்!" என்றார்கள். ஒரே அலைவரிசை அல்லவா, எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். நடுவரிசையில் இருந்த தடித்த மனிதர் ஒருவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, டேனிஷ் சொற்களை அந்த மெட்டில் பாட முயன்றார். தோணி ஒரு பக்கமும் துடுப்பு இன்னொரு பக்கமும் போயிற்று. பக்கத்திலிருந்த அவர் மனைவி உதவிக்கு வந்தார். இன்னும் மோசமாயிற்று. அறை முழுவதும் சிரித்தது. தான்தான் முதலில் சிரித்ததாகக் கந்தையா அண்ணை பின்னர் வாதாடினார். நான் பக்கத்தில் இருந்தேன், மூன்றாவது அல்லது நான்காவதாகத்தான் சிரித்தார்.

பிறகு பாதிரியாரின் மகளை எடுத்தாள். கோப்பிக் கொட்டை எண்ணுவதைச் சொன்னபோது, வயதான பெண் ஒருவர் எழுந்து, "அது செத்த வீட்டில் அல்ல, அவளுடைய கலியாணத்தில்!" என்றார்.

"இரண்டிலும் எண்ணினாள்," என்றாள் மலர். "கலியாணத்தில் எண்ணியது இரண்டாம் பாகம்."

"சரி, சரி, இரண்டிலும்," என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர்களுக்குள்ளேயே கதை தொடங்கிவிட்டது. தாங்கள் ஆங்கிலத்தையும் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். தாங்கள் எழுத்தை மட்டுமே பார்ப்பதாகச் சிலர் ஒப்புக்கொண்டார்கள். மலர் ஒருவரை நிறுத்தி இன்னொருவரைப் பேசவிட்டாள். அவளுடைய டேனிஷில் பிழைகள் இருந்தன. ஆனால் விளங்காமல் யாரும் திரும்பக் கேட்கவில்லை; அதை நான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கியர்ஸ்டன் கையை உயர்த்தினார். அறை அமைதியாயிற்று.

"அப்படியானால் ஒரு கேள்வி. அந்தக் கிழவன் உண்மையில் பாடியது என்ன பாட்டு?"

மலர் பீற்றரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அவள் திரும்பி நின்றாள்.

"தெரியாது. அதைத் தேடுவதற்கு எனக்கு இந்த நூலகத்தில் வேலை வேண்டும்."

யாரோ கை தட்டினார்கள். கியர்ஸ்டன் கட்டியிருந்த கையை அவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் வாரம் புத்தகம் அடுக்குவதுதான். கிழவனை இரண்டாவது வாரம் தேடலாம்," என்றார். டேனிஷ்காரர் வேலை கொடுக்கும்போது அவ்வளவுதான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. "கிடைச்சிட்டுதோ, இல்லையோ?" என்று கந்தையா அண்ணை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தார். பீற்றர் வந்து மலரின் கையைப் பிடித்துக் குலுக்கியபோதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது.

வீட்டுக்கு நடந்தே போனோம். ஒன்பது மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. கந்தையா அண்ணை கேட்டார்:

"பிள்ளை, இனிப் பெட்டியைப் பார்க்கேக்கை நான் சும்மா சிரிக்கலாமோ, இல்லாட்டி விசாரிச்சுப்போட்டுத்தான் சிரிக்கவேணுமோ?"

"நீங்கள் சிரியுங்கோ அண்ணை," என்றாள் மலர். "விசாரிக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தரப்போறாங்கள்."