சட்டைப் பையில் கரைந்த மாத்திரை

என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டினவர். வண்டி நிற்கிறதே தெரியாமல் நிறுத்துவார். அதனால் டெப்போவில் அவருக்குப் 'பஞ்சு' என்று பேர். ஆறு வருஷத்துக்கு முன்னால் டெப்போ வாசலில் வலிப்பு வந்து விழுந்தார். பஸ்ஸில் ஆள் ஏறுவதற்கு முன்னாலேயே வந்ததே, அது ஆண்டவன் கருணை என்று நான் சொல்வேன். சாவியை வாங்கிக்கொண்டு, பஸ் கழுவுகிற வேலை கொடுத்தார்கள்.

கழுவி முடித்ததும் டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்குவார். "என்ன பஞ்சு, வண்டி எங்கே போகுது?" என்று மெக்கானிக் கேலி பண்ணுவார். "முதல்ல டிக்கெட் எடு, அப்புறம் சொல்றேன்" என்பார் இவர். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை மெதுவாக அழுத்தும்.

போன வருஷம் அந்தக் காலிலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. தினமும் போடுகிற வலிப்பு மாத்திரையோடு, ரத்தம் உறையாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் வந்தது. சோதித்துச் சோதித்து அதன் அளவை ஏற்றினார்கள்.

இந்த மாசம் பல் தேய்த்தால் ரத்தம். உடம்பில் அங்கங்கே நீலம் நீலமாகத் தடம். கேட்டால், "வாளி இடிச்சிருச்சு" என்றார். வாளி முதுகில் எப்படி இடிக்கும்? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

ரத்தம் சோதித்த சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. "ஏதாவது மாத்திரையை நிறுத்தினீங்களா?"

"இல்லம்மா, எல்லாம் நான்தான் எடுத்துக் கையில கொடுக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே, போன வாரம் துவைத்த சட்டை ஞாபகம் வந்தது. பையின் மூலையில் ரோஸ் கலரில் கரைந்த மாவு. மிட்டாய் என்று நினைத்து அலசிப் போட்டிருந்தேன். வலிப்பு மாத்திரைதான் ரோஸ் கலர்.

அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"வலிப்பு வந்து ஆறு வருஷமாச்சு. மாத்திரை இல்லாம ஒரு வருஷம் தாக்குப்பிடிச்சா மறுபடி வண்டி தருவாங்கன்னு ஒருத்தன் சொன்னான். ரெண்டு மாசம் ஓட்டிட்டேன்..."

அவருக்கு வலிப்பு வரக் கூடாது என்று தினமும் நான் வேண்டிக்கொள்வேன். அவர் என்ன வேண்டிக்கொள்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. வலிப்பு மாத்திரை ரத்த மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடுமாம். அதற்காகத்தான் அளவைக் கூட்டியிருந்தார்களாம். "நீங்க பிரேக்கிலிருந்து காலை எடுத்துட்டீங்க, ஆக்சிலேட்டர் அப்படியே இருக்கு. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க?"

"வண்டி நிக்காது" என்றார் இவர். பிறகு, "இனிமே ஓட்டவே முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"பஸ்ஸா? பொய் சொல்ல மாட்டேங்க. முடியாது."

நாலு நாள் வார்டில் வைத்திருந்து, இரண்டு மாத்திரையையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து அனுப்பினார்கள்.

வேலைக்குப் போன முதல் நாள், மதிய மாத்திரையோடு டெப்போவுக்குப் போனேன். கழுவின பஸ்ஸில், ஸ்டியரிங் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

"டிக்கெட்?" என்றார் திரும்பாமல்.

மாத்திரையை நீட்டினேன். வாங்கி விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினார். அப்புறம் அவர் வலது கால் பிரேக்கை மெதுவாக அழுத்தியது. எந்த இடத்தில் நிறுத்தினாரோ, எனக்குத் தெரியவில்லை.