கையால் இரண்டு சுற்று

கந்தளாயில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், தேத்தண்ணிக் கடையொன்றில் நின்றபோது தொலைபேசி அடித்தது. சிவபாதம் அண்ணரின் மகள். "அங்கிள், அப்பா போயிட்டார். காலமை சாப்பிட்டிட்டுக் கதிரையில சாய்ஞ்சவர். எழுப்பப் போனால்…" எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஆறுதல். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நோய் வந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே பயம், ஆசுபத்திரி வாட்டில் குழாய்களோடு கிடந்து போக வேண்டிவருமோ என்பதுதான். அது நடக்கவில்லை. தன் வீட்டில், தன் கதிரையில், வயிறு நிறைந்த மனிதராகப் போயிருக்கிறார். அழுகை கந்தளாய்க் குளத்தைத் தாண்டிய பிறகுதான் வந்தது.

அவரோடு பழகியவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்ல? துறைமுகத்துக்கு அருகே இருந்த எங்கள் அலுவலகத்தில் அவர் படவரைஞர், நான் கணக்குப் பகுதி. பஞ்சாங்கக் கலண்டரைப் பார்க்காமல் தலைமயிர்கூட வெட்டமாட்டார். மதிய இடைவேளையில் முந்நூற்றுநாலு சீட்டு விளையாடினால், தோற்ற கையைப் பற்றிப் பின்னேரம்வரை வாதாடுவார். எனக்கு நல்ல நேரத்திலும் கெட்ட நேரத்திலும் நம்பிக்கை கிடையாது, பொறுமையும் கிடையாது. எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று என் மனைவி வதனி இன்றும் கேட்கிறாள்.

வரைபடத்தை முடித்த அன்றே அவர் மை போட்டதில்லை. பென்சிலில் கீறியதைச் சுருட்டிக்கொண்டு, அலுவலகத்தில் யாருக்கு அவரைக் கண்டாலே பிடிக்காதோ அந்த மனிதரின் மேசைக்கே போவார். "எங்க பிழை எண்டு பாரும்" என்று விரித்துவைப்பார். ஏன் அவரிடம் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நீர் என்ர சிநேகிதன். நல்லாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டுச் சாப்பிடப் போயிடுவீர். அவர் எண்டால் தேடித் தேடிப் பிடிப்பார்" என்றார். உண்மைதான், நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு பழைய கார் வாங்கி, பயணிகளை நிலாவெளிக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றி இறக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டு அடுப்பு அந்தக் காரை நம்பித்தான் எரிகிறது. அதன் டைமிங் பெல்ட்டை மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. எஞ்சினின் கீழ்ச் சக்கரத்தையும் மேல் சக்கரத்தையும் ஒன்றுக்கொன்று பிசகாமல் ஓடவைப்பது அந்தப் பல்லுப் பட்டிதான். அது அறுந்தாலோ, பிசகிப் பூட்டப்பட்டாலோ, இந்த வகை எஞ்சினில் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து வளைத்துவிடும். பிறகு எஞ்சின் பழைய இரும்புக்குத்தான். கராஜ்காரரோ காரை ஒரு கிழமைக்கு விட்டுவிட்டுப் போகச் சொன்னார். வெள்ளைக்காரர் வரும் பருவத்தில் ஒரு கிழமையை நான் எங்கே போய்த் தேடுவது? தன் காருக்கு இரண்டு தடவை தானே பெல்ட் மாற்றியிருந்த சிவபாதம் அண்ணர், "உம்மட வீட்டிலயே செய்வம்" என்றார்.

லிங்கநகரில் எங்கள் வீட்டு முற்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். நாளும் நேரமும் அவர் குறித்தவை. பின்னேரம் ராகுகாலம் தொடங்க முன் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்பது அவருடைய கட்டளை. பற்றரி வயரைக் கழற்றினோம். முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, அது சறுக்கினாலும் கார் விழாதபடி கீழே தாங்கி வைத்து, ஒரு பக்கத்துச் சில்லைக் கழற்றினோம். எஞ்சின் இலேசாகச் சுற்றட்டும் என்று ப்ளக்குகளையும் எடுத்துவிட்டார். இரண்டு சக்கரங்களின் குறிகளையும் நேருக்கு நேர் கொண்டுவந்து, அலுவலகத்தில் எழுத்துப் பிழை அழிக்கும் அந்த வெள்ளை மையால் புள்ளி வைத்தார். பழைய பெல்ட்டைக் கழற்றியதும் மேல் சக்கரம் தன்பாட்டில் கொஞ்சம் திரும்பிவிட்டது. அதை மெதுவாகப் புள்ளிக்குக் கொண்டுவந்தார். புதுப் பெல்ட்டை நான் மடித்துப் பிடித்தபோது மட்டும் அதட்டினார். "மடியாதையும். உள்ள இருக்கிற நூல் முறிஞ்சால் வெளியில தெரியாது."

பெல்ட் ஏறியது. இறுக்கும் உருளையும் பூட்டியாயிற்று. வதனி மற்றப் பக்கத்து முன் சில்லின் கீழே தேசிக்காய் வைத்து, கற்பூரத் தட்டோடு வந்து நின்றாள். "அண்ணை, ராகுகாலம் தொடங்கப்போகுது" என்றாள். எனக்கோ அடுத்த நாள் காலையில் ஓட்டம் இருந்தது. சாவியைப் போடலாமா என்று கேட்டேன்.

"சாவியைத் தொடவேண்டாம். முதல் கையால ரெண்டு சுத்து" என்றார்.

கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் நீளமான ஸ்பானரைக் கொடுத்துச் சுற்றினார். இலேசாக வந்தது. பாதிச் சுற்று வந்ததும் டக்கென்று நின்றது.

"பலமா அமத்தித் தள்ளுங்கோ அண்ணை. புதுப் பெல்ட்தானே, இறுக்கமாத்தான் இருக்கும்" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். "ப்ளக் கழட்டிக் கிடக்கு. இதுக்குள்ள இறுகிறதுக்கு ஒண்டுமில்லை. எங்கயோ இடிக்குது."

"நேரம் போகுது, அண்ணை" என்றாள் வதனி.

"போகட்டும் தங்கச்சி. நல்ல நேரம் நாளைக்கும் வரும். வளைஞ்ச வால்வு திரும்பி வராது."

பஞ்சாங்கம் பார்த்துத் தலைமயிர் வெட்டுகிற மனிதர் சொன்ன வார்த்தை இது. வதனி கற்பூரத்தை ஏற்றாமலே உள்ளே கொண்டுபோனாள். நான் படியில் குந்தினேன். எஞ்சின் போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த அரை மணித்தியாலத்தில் காரை விற்று, வீட்டின் ஒரு பக்கத்தை வாடகைக்கும் விட்டுவிட்டேன், மனதுக்குள்தான்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டோர்ச்சோடு எஞ்சினுக்குள் தலையை விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார். மேல் சக்கரத்தில் எங்கள் புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, எண்ணெய் அழுக்குக்குள் இன்னொரு வெள்ளைப் புள்ளி இருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு மெக்கானிக் வைத்தது. சிவபாதம் அண்ணர் பெல்ட் பூட்டியது அந்த ஆளின் புள்ளிக்கு.

"நல்லகாலம், இது என்ர பிழை" என்றார். "உம்மட பிழை எண்டால் நீர் இவ்வளவுக்கும் சண்டை பிடிச்சுப் பொழுதாக்கியிருப்பீர்."

சுற்றியதை மெதுவாகப் பின்னால் எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, மேல் சக்கரத்தைச் சரியான புள்ளிக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார். திரும்பக் கையால் இரண்டு சுற்று. இந்த முறை எங்கும் இடிக்கவில்லை. குறிகள் இரண்டும் நேராக வந்து நின்றன. இடித்த இடத்தில் அமத்தாததால் வால்வுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் உடனே சாவியை எடுத்தேன். அவர் விடவில்லை, அப்போது ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இருந்து வதனி தந்த தேத்தண்ணியைக் குடித்தோம். ராகுகாலம் கழியும்வரை அவர் சும்மா இருக்கவுமில்லை, ஒவ்வொரு போல்ட்டுச் சுரையாகத் தொட்டுப் பார்த்தார். பொழுது பட்ட பிறகுதான் ப்ளக்குகளையும் சில்லையும் போட்டு, பற்றரி வயரைக் கொழுவி, என்னைச் சாவி திருப்ப விட்டார். கார் ஒரே தடவையில் பிடித்தது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த எஞ்சின் இன்றுவரை என்னைத் தெருவில் விட்டதில்லை.

செத்தவீட்டில் பலரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஒரு பிழையும் விடாத மனுசன்." எனக்குக் கோபம் வந்தது. என் கண் முன்னால் பிழை விட்ட மனிதர் அவர். இல்லாத பெருமையைக் கொடுத்து, இருந்த பெருமையை ஏன் எடுக்கிறீர்கள்? தானும் பிழை விடுவேன் என்று எண்ணி, சாவி போட முன்னம் அதைத் தேடிப் பார்த்த மனிதர் அவர்.

அவருடைய சாமான் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி மகள் கேட்டாள். மருமகனுக்கு உதவும், வைத்திரு என்று சொல்லிவிட்டேன். நான் வைத்துக்கொள்வது, நின்ற இடத்தில் அமத்தாமல் எடுத்த அவருடைய கையை. எஞ்சினில் அது எனக்குப் பழகிவிட்டது. மனிதரிடம் இன்னும் இல்லை, யாராவது எதிர்த்து நின்றால் நான் இன்னும் அமத்துகிற ஆள்தான். நேற்று வதனி ஏதோ ஒன்றுக்கு ஏலாது என்றாள். வாய் திறந்துவிட்டேன், பிறகு மூடிக்கொண்டேன். எங்கே இடிக்கிறது என்று அவளிடமே கேட்டேன்.